மங்காவும் முத்திரையும்: லவால் தமிழ் இளையோரின் யப்பானிய ஈடுபாடு

புலம்பெயர்ந்த தமிழரின் பண்பாட்டு வாழ்வை ஆராய்வோர் பெரும்பாலும் இரண்டு திசைகளையே அளந்து பார்க்கின்றனர். தாயகத்திலிருந்து எடுத்துவரப்பட்டதில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பது ஒன்று. குடியேறிய நாட்டிலிருந்து எவ்வளவு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது திசை ஒன்று உண்டு. வீடு ஊட்டாத, பள்ளிக்கூடம் கற்பிக்காத, பிள்ளைகள் தாமாகவே தேடிப் பிடித்துக்கொண்ட பண்பாடு அது. கியூபெக் மாகாணத்தின் லவால் நகரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளிற் பலருக்கு அந்த மூன்றாவது திசையாக யப்பான் வாய்த்திருக்கிறது. மங்கா எனப்படும் யப்பானியப் படக்கதைகள், அனிமே எனப்படும் அசைபடங்கள், அவற்றின் பாத்திரங்களைப் போல உடுத்தி நடிக்கும் கொஸ்பிளே, அவற்றின் வழியே அறிமுகமாகும் தேநீர்ச் சடங்கு, கிமோனோ, பறை போன்ற தைக்கோ முழவு என இந்த ஈடுபாடு விரிகிறது. இதனை வழிதவறலாகக் கருதுவது பெரியோர் வழக்கம். அக்கருத்து மேலோட்டமானது என்பதும், இந்த இளையவர்கள் மரபை விட்டு விலகுவோர் அல்லர், மரபைப் பரீட்சையாக அன்றி விளையாட்டாகக் கையாளப் பழகுவோர் என்பதும் இவ்வுரையின் வாதம்.

லவால் நகரம், மொன்றியல் தீவுக்கு வடக்கே, ஆறு இடையறுக்கக் கிடக்கும் யேசு தீவில், 14 ஊராட்சிகளை ஒன்றிணைத்து 1965இல் அமைக்கப்பட்டது. இன்று கியூபெக்கின் மூன்றாவது பெரிய நகரம். 1983 யூலை வன்செயல்களை அடுத்துக் கனடாவை நோக்கி வந்த ஈழத்தமிழர், 1986 ஒகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து மீனவரால் காப்பாற்றப்பட்ட 155 பேர் உட்பட, மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்குமாகப் பிரிந்தனர். மொன்றியலில் தங்கியோர் முதலில் பார்க் எக்ஸ்ரென்ஷன், கோட் டே நேஜ் பகுதிகளின் அடுக்குமாடிகளில் குடியமர்ந்து, பின்னர் சொந்த வீடு, முற்றம், பிள்ளைகளுக்குத் தனியறை என்ற ஆசைகளோடு வெளிப்புற நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, ஒரு பகுதியினர் ஆற்றைக் கடந்து லவாலுக்கு வந்தனர். பிள்ளைக்குத் தனியறை கிடைத்தது என்பது சிறிய செய்தி அன்று. பெற்றோர் தமிழ்த் தொடர் பார்க்கும் கூடத்திலிருந்து விலகி, தனக்கென ஒரு திரையும் தனக்கென ஒரு புத்தகத் தட்டும் பிள்ளை வைத்துக்கொண்டது அந்த அறையில்தான்.

லவால் தமிழ்ப் பிள்ளையை ரொறன்ரோ உறவினரிடமிருந்து வேறுபடுத்துவது மொழி. 1977இல் நிறைவேற்றப்பட்ட பிரெஞ்சு மொழிச் சாசனம், மக்கள் வழக்கில் 101ஆம் சட்டம், குடியேறியோரின் பிள்ளைகளைப் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கே அனுப்பியது. வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், வகுப்பறையில் பிரெஞ்சு, தெருவிலும் கணினியிலும் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்கு மங்கா பெரும்பாலும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலேயே கைக்கு வருகிறது. ஓத்தோமோ கத்சுஹிரோவின் ‘அகிரா’வை பிரான்சின் கிளெனா பதிப்பகம் 1990இல் வெளியிட்டதிலிருந்து வளர்ந்த பிரெஞ்சு மங்காச் சந்தை யப்பானுக்கு வெளியே மிகப் பெரியவற்றுள் ஒன்று, அதன் நூல்கள் கடல் கடந்து கியூபெக்கின் கடைகளையும் நகர நூலகங்களையும் நிரப்பின. இதில் ஒரு சுவையான தலைகீழ் உண்டு. சிவகாசியிலிருந்து 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் லக்கி லூக் போன்ற பிரெஞ்சு மொழிப் படக்கதை நாயகர்களைத் தமிழ் பேச வைத்தன, அவற்றைக் கைமாற்றிக் கைமாற்றி வாசித்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று யப்பானிய நாயகர்களைப் பிரெஞ்சு பேசக் கேட்கிறார்கள். படக்கதை வாசிப்பு என்ற பழக்கம் இந்தக் குடும்பங்களுக்குப் புதிதன்று. தந்தையின் பழக்கத்தை மகன் வேறு மொழியிற் தொடர்கிறான். தந்தைக்குத்தான் அது புலப்படுவதில்லை.

கியூபெக்குக்கும் யப்பானியப் படம் புதிதன்று. தக்காஹாதா இசாவோ இயக்கி 1974இல் யப்பானில் ஒளிபரப்பான ‘ஹைடி’யும், பிரெஞ்சில் ‘கோல்டொராக்’ என்று பெயர் பூண்ட, நாகாய் கோ படைத்த இயந்திர வீரன் ‘கிரெண்டைச’ரும் 1970களின் இறுதியிலேயே இம்மாகாணத்தின் சிறுவர் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டன. சுவிஸ் மலைச் சிறுமியின் கதையை யப்பானியர் வரைந்தார்கள் என்பதை அறியாமலே ஒரு தலைமுறைக் கியூபெக்வாசிகள் அதைப் பார்த்து அழுதார்கள். அதே கிரெண்டைசர் அரபு ஒலிப்பதிவில் லெபனானிலும் பெரும்புகழ் பெற்றதால், லவாலில் வாழும் லெபனானியக் குடும்பங்களின் தந்தையரும் அதை அறிவர். ஆக, லவால் வகுப்பறையொன்றில் கியூபெக்குப் பிள்ளையும் லெபனானியப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் சேர்ந்து உட்காரும்போது, மூவருக்கும் பொதுவான கதை கனடாவிலிருந்தும் வருவதில்லை, பிரான்சிலிருந்தும் வருவதில்லை. எவருடைய வீட்டுக்கும் சொந்தமில்லாத கதை என்பதாலேயே எல்லோரும் அதில் சமமாக உட்கார முடிகிறது. குடியேறியோர் பிள்ளைகளிடம் யப்பானிய ஈடுபாடு இவ்வளவு ஆழமாக வேர் விட்டதற்கு இதைவிட வலுவான காரணம் வேறில்லை எனலாம்.

இந்த ஈடுபாட்டின் பெருநாள் ஒகஸ்ட் மாதத்தில் வருகிறது. மொன்றியல் கொன்கோர்டியா பல்கலைக்கழக மாணவரின் முயற்சியாக 2006இல் தொடங்கி, இன்று நகரின் மாநாட்டு மாளிகையான பலே டே கொங்கிரேயில் மூன்று நாள் நடைபெறும் ‘ஒதாகுதோன்’ விழா அது. ஒதாகு என்பது யப்பானில் ஒரு துறையில் மூழ்கிப்போன தீவிர ரசிகரைக் குறிப்பது. அங்கே நெடுங்காலம் ஏளனமாகவே ஒலித்த அச்சொல்லை வெளிநாட்டு ரசிகர்கள் பெருமையோடு சூடிக்கொண்டனர். லவாலிலிருந்து விழாவுக்குச் செல்லும் வழியும் எளிதானது. 2007 ஏப்பிரல் 28இல் மொன்றியல் மெற்றோவின் செம்மஞ்சள் வழித்தடம் ஆற்றின் அடியாக 5.2 கிலோமீற்றர் நீட்டப்பட்டு லவாலுக்கு மூன்று நிலையங்கள் கிடைத்தன. அவற்றின் இறுதி நிலையமான மொன்மொறன்சியில் ஏறியவர், வண்டி மாறாமலே, மாநாட்டு மாளிகையின் கீழ் அமைந்த பிளாஸ் டார்ம் நிலையத்தில் இறங்கலாம். அட்டை வாளும் நீலப் பொய்முடியும் கொண்ட பதினாறு வயதினரைத் தனியே அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு இந்த நேர்வழி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது விளக்க வேண்டியதில்லை.

கொஸ்பிளே வெறும் மாறுவேடம் அன்று. அதன் பெரும்பகுதி தையல், வெட்டல், ஒட்டல், வண்ணம் தீட்டல். போட்டி மேடையில் நடிப்புக்கு இணையாகக் கைவேலையும் மதிப்பிடப்படுகிறது: மடிப்பு எப்படி வைக்கப்பட்டது, கவசம் எந்த நுரைப்பலகையில் செதுக்கப்பட்டது, துணியின் கோலம் அச்சிடப்பட்டதா கையால் தீட்டப்பட்டதா என்று நடுவர்கள் கேட்பார்கள். பரதநாட்டிய உடுப்பின் விசிறி மடிப்பைத் தைக்கத் தெரிந்த தாய்மாருக்கு ஹகாமா என்னும் யப்பானிய இடுப்பாடையின் மடிப்பு புரியாத ஒன்றன்று. பட்டுச் சீலையும் கிமோனோவும் தைக்கப்படாத, அல்லது மிகக் குறைவாகவே தைக்கப்பட்ட, நேர்வெட்டுத் துணியை உடலில் சுற்றி அமைக்கும் உடைகள். இடுப்பில் இறுக்குவதும் முன்மடிப்பை ஒழுங்காக்குவதும் இரண்டிலும் பழகிய கையின் வேலை. தாயும் மகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசக் கிடைத்த அரிய விடயங்களுள் இதுவும் ஒன்றாகிவிட்டது.

விழாவின் மற்றொரு மூலையில் ரசிகர்கள் தாமே வரைந்து அச்சிட்ட நூல்கள் விற்பனைக்கு வைக்கப்படும். யப்பானில் இவற்றுக்குத் தோஜின்ஷி என்று பெயர். 1975 டிசம்பர் 21இல் தோக்கியோவில் 32 குழுக்களோடும் ஏறத்தாழ 700 பார்வையாளரோடும் தொடங்கிய கொமிக்கெற் என்னும் ரசிகர் சந்தை, இலட்சக்கணக்கானோர் கூடும் நிகழ்ச்சியாக வளர்ந்தது. பிறர் படைத்த பாத்திரங்களை எடுத்துத் தம் போக்கில் கதை வளர்க்கும் இவ்வழக்கத்தைப் பதிப்பாளர்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டனர். அந்தத் தளர்வினால் பல தொழில்முறை ஓவியர்கள் அங்கிருந்தே உருவாயினர். இராமகாதையைத் தத்தம் ஊருக்கும் சாதிக்கும் ஏற்ப மாற்றிப் பாடிய கூத்துக் கலைஞரின் உரிமையை நினைவிற் கொள்பவருக்கு இது விநோதமாகத் தோன்றாது.

இனி மரபுக்கு வருவது பொருத்தம். மேலைத்தேய வெகுசனக் கலை பழமையைப் பெரும்பாலும் அருங்காட்சியகத்துக்குள் பூட்டி வைக்கிறது. யப்பானிய வெகுசனக் கலையோ அதைக் கதையின் நடுவே சாதாரணமாக நடமாட விடுகிறது. கோதோகே கொயோஹாரு எழுதி 2016 முதல் 2020 வரை வெளிவந்த ‘கிமெத்சு நோ யாய்பா’, ஆங்கிலப் பெயரில் ‘டீமன் ஸ்லேயர்’, 1912 முதல் 1926 வரையான தாய்ஷோ காலத்தில் நிகழும் அசுர வதைக் கதை. நாயகன் தன்ஜிரோ அணியும் ஹவோரி மேலங்கியின் பச்சை கறுப்புக் கட்டங்கள் இச்சிமத்சு எனப்படும் கோலம்; 18ஆம் நூற்றாண்டின் கபுக்கி நடிகர் ஒருவரின் பெயரால் அது வழங்குகிறது. தங்கை நெசுக்கோவின் உடையிலுள்ள அசனோஹா என்னும் சணலிலைக் கோலம், பிள்ளை சணற்செடி போல் விரைவாக நேராக வளரவேண்டும் என்ற வேண்டுதலோடு குழந்தைகளின் உடுப்பில் இடப்பட்டு வந்தது. நாயகன் தன் தந்தையிடம் கற்ற வாள்வீச்சு, உண்மையில் கோயில்களில் தெய்வங்களுக்கு ஆடப்படும் ககுரா நடனத்தின் வடிவில் குடும்பத்துக்குள் காக்கப்பட்டது. அசைபட ரசிகை ஒருத்தி இவற்றையெல்லாம் எந்தப் பாடநூலிலிருந்தும் படிப்பதில்லை. பாத்திரத்தின் மீதுள்ள அன்பினால் தேடிப் படிக்கிறாள்.

மியசாகி ஹயாவோவின் 2001ஆம் ஆண்டுத் திரைப்படமான ‘ஸ்பிரிட்டட் அவே’ இன்னும் ஆழமான ஒன்றைத் தொடுகிறது. கமி என்போர் யப்பானிய ஷிந்தோ வழிபாட்டின் தெய்வங்கள். மலைக்கு ஒன்று, ஆற்றுக்கு ஒன்று, பழைய மரத்துக்கு ஒன்று என்று எண்ணிலடங்காதவர்கள். அப்படத்தில் குப்பையால் அடைபட்டு நாற்றமெடுத்து வரும் ஆற்றுத் தெய்வமும், அடுக்குமாடி கட்டுவதற்காகத் தூர்க்கப்பட்டு இருப்பிடம் இழந்த மற்றோர் ஆற்றுத் தெய்வமும் வருகின்றன. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஆலமரத்தடிச் சூலமாக நின்ற வைரவரையும், பனந்தோப்பின் ஓரத்து அண்ணமாரையும், குளக்கரை நாச்சிமாரையும் கும்பிட்டு வளர்ந்த பாட்டிமாருக்கு இத்தெய்வங்களை அறிமுகப்படுத்தத் தேவையே இல்லை. ஆனால் கடல் கடந்து கனடாவுக்கு வந்தவை பெருந்தெய்வங்களின் ஆகமக் கோயில்கள். மரத்தடித் தெய்வத்தை மரத்திலிருந்து பெயர்த்து வர இயலவில்லை. ஊரிலேயே கூட அவற்றிற் பல பின்னாளில் பிள்ளையாராகவும் முருகனாகவும் மாற்றப்பட்டு விமானம் பெற்றுவிட்டன. ஆகவே லவாலிற் பிறந்த பிள்ளை, தன் பாட்டி வாழ்ந்த தெய்வ உலகத்தின் சாயலை முதன்முதலில் யப்பானியத் திரையிற் காண்கிறது. இது இழப்பா, பேறா என்று உடனே தீர்ப்புச் சொல்வதைவிட, பாட்டியையும் பேரப்பிள்ளையையும் அந்தப் படத்தின் முன் ஒன்றாக உட்கார வைப்பது பயன் தரும்.

முத்திரைகளின் கதை இன்னும் நெருக்கமானது. ‘நருத்தோ’ தொடரின் மாயவீரர்கள் விரல்களைப் பின்னிச் செய்யும் கைக்குறிகளையும், ‘ஜுஜுத்சு கைசென்’ பாத்திரங்கள் தம் ஆற்றலை விரிக்கும் வேளையில் காட்டும் கைகளையும் லவால் பிள்ளைகள் அட்சரம் பிசகாமற் பயில்கிறார்கள். அதே பிள்ளைகளிற் சிலர் வார இறுதியில் நாட்டிய வகுப்பில் பதாகமும் திரிபதாகமும் பிடிக்கிறார்கள். இவை வேறுவேறு கலைகள் என்றாலும், யப்பானியக் கைக்குறிகளின் பின்னணியில் ஷிங்கோன் என்னும் மந்திரயான பௌத்தம் நிற்கிறது. 804இல் சீனத்துக்குச் சென்ற கூக்காய் என்ற துறவி, அங்கே இந்தியத் துறவி பிரக்ஞரிடமும் பாடம் கேட்டு, 806இல் முத்திரை, மந்திரம், மண்டலம் ஆகியவற்றோடு சித்தம் என்ற இந்திய எழுத்துமுறையையும் யப்பானுக்குக் கொண்டு திரும்பினார். சித்தத்தைக் கற்ற துறவியரின் ஒலியியல் அறிவே, 11ஆம் நூற்றாண்டளவில் யப்பானிய அகரவரிசை அமையும் முறையைத் தீர்மானித்தது. அதன் பயனாக யப்பானிய எழுத்தைப் படிக்கத் தொடங்கும் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. உயிர் வரிசை அ, இ, உ, எ, ஒ. மெய் வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பழைய யப்பானிய மொழியில் இந்த ஹகரம் பகரமாகவே ஒலித்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால், தமிழ் நெடுங்கணக்கில் சில எழுத்துகளை விலக்கியது போன்ற வரிசை அது. ஆங்கிலமும் பிரெஞ்சும் தராத இந்த வசதியைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிற் கற்ற ‘அ, ஆ’ தருகிறது.

தெய்வங்களும் அவ்வாறே பயணம் செய்தன. கையில் பிவா என்னும் நரம்பிசைக் கருவியோடு நீர்நிலைகளில் உறையும் பென்சைத்தென் நம் சரசுவதி, பிஷமொன்தென் வைசிரவணன் ஆகிய குபேரன், எம்மா யமன், தாய்ஷக்குதென் இந்திரன். 736இல் யப்பானை அடைந்த போதிசேனர் என்ற இந்தியத் துறவிதான் 752இல் நாரா நகரின் தோதாய்ஜிப் பெருங்கோயிலில் மாபெரும் புத்தர் சிலைக்குக் கண் திறந்து வைத்தார்.

இந்த இடத்தில்தான் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இத்தகைய தொடர்புகளைக் கேட்டவுடன், எல்லாம் இங்கிருந்து போனவைதாமே என்று நெஞ்சை நிமிர்த்துவது தமிழ்ப் பெரியோரிடம் காணப்படும் ஒரு பலவீனம். போதிதருமர் காஞ்சியின் பல்லவ இளவரசர் என்றும் கீழைத்தேயப் போர்க்கலை முழுவதும் அவர் தந்தது என்றும் 2011இல் வந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படத்துக்குப் பின் மேடைதோறும் முழங்கப்பட்டது. அவரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல், 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது, அவரை மேற்கிலிருந்து வந்த பாரசீகர் என்கிறது. சற்றுப் பிந்திய மற்றொரு குறிப்பு அவரைத் தென்னிந்திய மன்னர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சியும் பல்லவரும் பிற்கால மரபில் வருபவை. போர்க்கலைத் தொடர்போ அவற்றினும் பிந்தியது. யப்பானிய வீடுகளில் தருமா என்ற சிவப்புத் தலையாட்டிப் பொம்மையாக அவர் அடைந்த வாழ்வு, முழுக்க யப்பானியரின் கற்பனை தந்தது. ஓனோ சுசுமு என்ற புகழ்பெற்ற யப்பானிய மொழியறிஞர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அருணாசலம் சண்முகதாசோடும் மனோன்மணி சண்முகதாசோடும் இணைந்து தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் உறவு காட்ட முயன்றது மதிக்கத்தக்க உழைப்பு. தைப்பொங்கலையும் யப்பானின் ஜனவரி 15 சிறு புத்தாண்டையும் ஓனோ ஒப்பிட்ட பகுதிகள் இன்றும் சுவையாக வாசிக்கத்தக்கவை. ஆனால் அம்மொழிக் கொள்கையை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. பிள்ளை ஒன்றை விரும்பத் தொடங்கும் கணத்தில் அது உன்னுடையதே என்று சொல்லிவிடுவது, அன்பளிப்புப் போலத் தோன்றினாலும், தேடும் இன்பத்தைப் பறிப்பதாகும்.

மரபு என்று ரசிகர்கள் கொண்டாடுவதில் எல்லாமே பழையதும் அன்று. சாமுராய் வீரரின் அறம் என உலகம் அறிந்த புஷிதோவைப் பரப்பிய நூலை நிதோபே இனாசோ என்ற கிறித்தவ அறிஞர் அமெரிக்காவில் தங்கியிருந்தபோது ஆங்கிலத்தில் எழுதி 1900இல் வெளியிட்டார்; ஜூடோவைக் கானோ ஜிகோரோ 1882இல் வகுத்தார். இதைக் கேட்டு ஏமாற்றமடையும் தமிழ் இளையவருக்கு, சதிர் என்று வழங்கிய ஆட்டம் 1930களில் பரதநாட்டியம் என்ற பெயரோடு மேல்தட்டு மேடைக்கு மாற்றி அமைக்கப்பட்டதையும், அதை வளர்த்த இசைவேளாளர் குடும்பத்துப் பெண்கள் அம்மேடையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தன் வீட்டு மரபை ஐயமின்றியும் அயலார் மரபை ஐயத்தோடும் பார்ப்பது ஆய்வு ஆகாது. யப்பானிய அரசு வெகுசனக் கலையை ஏற்றுமதிச் சரக்காகக் கருதி, 2013இல் அதற்கெனத் தனி முதலீட்டு நிதியத்தையே நிறுவியது என்பதும் ரசிகர் அறிய வேண்டியதே.

அறிய வேண்டிய மற்றொன்று மொன்றியலிலேயே இருக்கிறது. மெற்றோவில் பெரி நிலையத்தில் மாறிப் பீ-நவ் நிலையத்தில் இறங்கினால் மொன்றியல் தாவரவியற் பூங்கா. அதனுள் நகாஜிமா கென் வடிவமைத்து 1988 யூனில் திறக்கப்பட்ட யப்பானியத் தோட்டம். கோடையில் அங்கே தேநீர்ச் சடங்கு காட்டப்படும். பொன்சாய் எனப்படும் குறுமரங்களின் சேகரம் உண்டு. அதே 1988இன் செப்டெம்பர் 22இல்தான் கனடிய அரசு, போர்க்காலத்தில் தான் இழைத்த அநீதிக்காக யப்பானியக் கனடியரிடம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் 21,000 டொலர் வழங்க இணங்கியது. 1942இல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையிலிருந்து ஏறத்தாழ 22,000 பேர், அவர்களிற் பெரும்பாலோர் கனடியக் குடிமக்கள், பெயர்த்தெடுக்கப்பட்டனர். வீடும் படகும் நிலமும் அரசால் விற்கப்பட்டன. போர் முடிந்த பின்னரும், ரொக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே போ அல்லது யப்பானுக்குப் போ என்றே சொல்லப்பட்டது. கரைக்குத் திரும்பும் உரிமை 1949 ஏப்பிரலில்தான் கிடைத்தது. மொன்றியலின் யப்பானியச் சமூகம் பெருமளவுக்கு அப்படிக் கிழக்கே தள்ளப்பட்டோரால் உருவானது. தோட்டத்தில், மொன்றியலும் ஹிரோஷிமாவும் 1998இல் உடன்பிறப்பு நகரங்களானதை ஒட்டி ஹிரோஷிமா அளித்த சமாதான மணி தொங்குகிறது; ஆண்டுதோறும் ஒகஸ்ட் 5 மாலை, ஹிரோஷிமாவில் 6ஆம் நாள் காலை குண்டு விழுந்த நேரத்துக்கு ஒப்ப, அது ஒலிக்கப்படுகிறது. வீடிழந்து வந்தோரின் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ள நீண்ட முன்னுரை வேண்டாம். ஆயினும் விழாவின் விற்பனைக் கூடத்தில் இது கிடைக்காது. தேடிச் செல்ல வேண்டும்.

பெற்றோரின் கவலைக்குத் திரும்பினால், அதன் உள்முரணைக் காட்ட ஒரு தமிழ்ப் படம் போதும். 1995இல் வெளியான ரஜினிகாந்தின் ‘முத்து’வை எடோக்கி ஜுன் என்ற யப்பானிய விமர்சகர் சிங்கப்பூரில் கண்டெடுத்து, 1998இல் தோக்கியோவின் ஷிபுயா பகுதித் திரையரங்கில் வெளியிடச் செய்தபோது, அது மாதக்கணக்கில் ஓடியது, 2006இல் யப்பானிய நாடாளுமன்றத்தில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் அதைக் குறிப்பிடும் அளவுக்குப் புகழ் பெற்றது. அன்றிலிருந்து வேட்டி கட்டி, தமிழ்ப் பாட்டை மனனம் செய்து, ரஜினி படத்தின் முதல் நாட்காட்சிக்காகச் சென்னைக்கு விமானம் ஏறும் யப்பானிய ரசிகர்களைத் தமிழ்ப் பத்திரிகைகள் புளகாங்கிதத்தோடு படம் பிடித்துப் போடுகின்றன. அவர்கள் யப்பானியத் தன்மையை இழந்துவிட்டார்களா என்று எந்தத் தமிழரும் கேட்டதில்லை. அயலார் தமிழில் மயங்கினால் அது தமிழின் பெருமை. தமிழ்ப் பிள்ளை அயலில் மயங்கினால் அது பிள்ளையின் குறை என்ற கணக்கு நேர்மையானதன்று.

மரபை விளையாட்டாகக் கையாளுதல் என்று தொடக்கத்திற் சொல்லப்பட்டதன் முழுப்பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சுவெத்சுகு யூகியின் ‘சிஹயாஃபுரு’ என்ற மங்கா 2007 முதல் 2022 வரை வெளிவந்து, அசைபடமாகவும் புகழ் பெற்றது. அதன் கதைப்பொருள் கருத்தா என்னும் சீட்டாட்டம். 13ஆம் நூற்றாண்டில் புஜிவாரா நோ தெய்க்கா தொகுத்ததாகக் கொள்ளப்படும் நூறு புலவரின் நூறு குறும்பாடல்களே அதன் சீட்டுகள். பாடலின் முற்பகுதியை ஒருவர் இசையோடு வாசிக்க, பிற்பகுதி அச்சிட்ட சீட்டை எதிரெதிரே அமர்ந்த இருவரில் முந்துபவர் தட்டிப் பறிக்க வேண்டும். நூறில் ஐம்பது சீட்டுகளே தரையில் பரப்பப்படும். மற்ற ஐம்பதும் ஏமாற்றுகள். அடுக்கிய இடங்களை மனத்திற் பதிக்க 15 நிமிடம் தரப்படும். முதல் அசையைக் கேட்ட மாத்திரத்தில் இன்னதென அடையாளம் காணத்தக்க பாடல்கள் ஏழு. மற்றவற்றுக்கு இரண்டு, மூன்று, சிலவற்றுக்கு ஆறு அசை வரை காத்திருக்க வேண்டும். இவ்வாட்டத்தின் ரசிகனுக்கு எண்ணூறு ஆண்டுப் பழைய செய்யுள் விரல்நுனியில் துடிக்கும் பொருளாகிவிடுகிறது.

கனடியத் தமிழ் அமைப்புகள் நெடுங்காலமாகத் திருக்குறள் மனனப் போட்டி நடத்தி வருகின்றன. பிள்ளை நடுவர் முன் நின்று ஒப்பிக்கும், நடுவர் பிழையைக் குறித்துக்கொள்வார், கேடயம் தரப்படும், அடுத்த ஆண்டுக்குள் குறள் மறந்துவிடும். குறையைப் பிள்ளையிடம் தேடிப் பயனில்லை. ஒப்பித்தலில் எதிராளி இல்லை, முந்தும் பதற்றம் இல்லை, தோற்றவன் மறுநாள் பழிதீர்க்க வரும் ஆசை இல்லை. குறளின் அமைப்போ இந்த ஆட்டத்துக்கென்றே செய்யப்பட்டது போன்றது. முதலடி நான்கு சீர், இரண்டாம் அடி மூன்று சீர் என்று அது இயல்பாகவே இரண்டாகப் பிரிகிறது. முதலடியை வாசிப்பவர் ஒருவர், ஈற்றடிச் சீட்டைப் பறிப்பவர் இருவர். 1,330இலிருந்து நூறைத் தெரிந்து அட்டையில் அச்சிடுவதற்கு ஒரு சிறு அச்சகமும், எந்தக் குறளை எத்தனை அசையிற் பிரித்தறியலாம் என்று கணக்கிட ஒரு தமிழாசிரியரும், ஆட்ட விதிகளை எடுத்துச் சொல்ல லவாலின் கருத்தா ரசிகர் ஒருவரும் போதும். எந்த நூறு என்று தெரிவு செய்யும் குழுவில் இன்பத்துப்பாலை விலக்க வேண்டும் என்று ஒரு பெற்றோராவது நிச்சயம் எழுந்து கேட்பார். யப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் மனனம் செய்யும் அந்த நூறு பாடல்களில் 43 காதற் பாடல்கள் என்பது அவருக்குரிய விடை.